அறுபது பேரும் எழுந்தார்கள்

ஜூன் 4, ஞாயிறு

இளம்பரிதி சார் காலையில் போன் செய்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ‘டோக்கன்’ நாடகத்தைச் சென்னையில் மேடையேற்றப் போகிறார்களாம், அடுத்த மாதக் கடைசியில். ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு என் நாடகமா என்று இரண்டு தடவை கேட்டேன். உங்க நாடகம்தான் குமுதாக்கா என்றார்.

பிப்ரவரியில் ஆம்பூரில் தொழிலாளர் பெண்களுக்கு மூன்று நாள் நாடகப் பயிற்சி கொடுக்க வந்தவர் அவர். கடைசி நாள் என் நோட்டை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் தினமும் எழுத வேண்டும், நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்து இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறேன். தினமும் எழுத எனக்கு எங்கே நேரம்? ஆறே முக்காலுக்கு ஃபேக்டரி பஸ்.

எதற்கும் எழுதி வைக்கிறேன். பேர் குமுதா, வயது நாற்பத்து மூன்று, படிப்பு எட்டாவது. ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. எங்கள் பாஷையில் அப்பர். பத்தொன்பது வயதில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போய், அங்கே தெருநாடகம் எழுத ஆரம்பித்தேன். இதுவரை பதினோரு நாடகம். சாராயக்கடை, வரதட்சணை, தோல் கழுவிய தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன கிணறு, இப்படி. எல்லாம் நானே எழுதி, நானே சொல்லிக்கொடுத்து, ஆள் வராத அன்று நானே நடித்தது. ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை. ஊரில் என்னை நாடகக்காரி என்பார்கள். எழுத்தாளர் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சென்னைக்கு நானும் வரேன் என்றார். அவ்வளவுதான் அவருடைய வாழ்த்து.

ஜூன் 7, புதன்

மழை. பஸ் அரை மணி நேரம் தாமதம். அதையும் எங்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் கழித்தார்கள்.

‘டோக்கன்’ எதைப் பற்றியது என்று தங்கச்சி முறையாகும் ஒருத்தி பஸ்ஸில் கேட்டாள். எங்கள் தையல் ஹாலில் வேலை செய்கிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு லைனுக்கு அறுபது பெண்கள். அறுபது பேருக்கும் சேர்த்துச் சிவப்பு பிளாஸ்டிக் வில்லை ஒன்று, அதுதான் டோக்கன், சூப்பர்வைசர் மேஜை ஆணியில் தொங்கும். அதை வாங்கிக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். டார்கெட் குறைந்தால் வில்லை ஆணியிலிருந்து மேஜை டிராயருக்குள் போய்விடும்.

என் நாடகத்தில் செல்வி ஐந்து மாதக் கர்ப்பிணி. மூன்று தடவை டோக்கன் கேட்கிறாள். கஜபதி என்கிற சூப்பர்வைசர் கொடுக்க மாட்டான். உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்கு ரத்தம் போகிறது. அப்போது பக்கத்து மிஷின் நிற்கிறது. அதற்கு அடுத்தது நிற்கிறது. அறுபது பேரும் எழுந்து, செல்வியை நடுவில் விட்டு, டோக்கன் இல்லாமல் வெளியே நடந்து போகிறார்கள். அதோடு முடிகிறது.

பயிற்சியில் இதை நடித்துக் காட்டியபோது பெண்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். நடந்த கதையா என்று சார் கேட்டார். நாடகம் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

சாரும் செல்வியாக நடிக்கப் போகிற பெண்ணும் சென்னையிலிருந்து வந்தார்கள். ஃபேக்டரிக்குள் விட மாட்டார்கள் என்று முன்னமே சொல்லியிருந்தேன். வீட்டிலேயே உட்கார்ந்தார்கள். கோழிக் குழம்பு வைத்தேன். அந்தப் பெண் கறி சாப்பிடாது. தயிர் வாங்க ஓடினோம்.

நான் பேசுவதையெல்லாம் அது போனில் பதிவு செய்துகொண்டது. ‘இன்னாமே’ என்று சொல்லுங்கள், இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. கிளியைப் பேசவைப்பதுபோல் இருந்தது. நான் மிஷினில் குனிகிற மாதிரி குனிந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நாடகத்தில் ஏதாவது சந்தேகம் இருக்கிறதா, எந்த வரியையாவது விளக்க வேண்டுமா என்று நானாகக் கேட்டேன். இன்னொரு தடவை குனிந்து காட்டச் சொன்னார்கள்.

பிறகு சார், அந்த உண்மையான பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படி ஒருத்தி இல்லை என்றேன். இந்த மாதிரி ஒரு நாடகத்துக்குப் பின்னால் ஒரு ரத்தமும் சதையுமான பெண் இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவராஜ் வாயைத் திறந்தார். பால் தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வாருங்கள் என்று அவரை அனுப்பினேன்.

எழுதிவைத்தால் மறக்காது என்பதற்காக ஒன்று. மூன்று வருடம் முன்பு வரை நானும் லைன் சூப்பர்வைசராக இருந்தேன், ஒன்றரை வருடம். நானேதான் வேண்டாம் என்று மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். மேற்பார்வை பார்த்துக்கொண்டு நாடகம் எழுத முடியாது.

ஜூலை 10, திங்கள்

போனில் அழைப்பிதழ் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். அதற்குமேல் சாப்பிடவில்லை.

‘டோக்கன். பெண் தொழிலாளர்களின் வாய்மொழிகளிலிருந்து. எழுத்தும் இயக்கமும்: இளம்பரிதி.’

கீழே, எறும்பு சைஸில், நன்றி என்று போட்டுப் பதினான்கு பேர். மைக் செட் கொடுத்தவருக்கும் மண்டபத்துக்காரருக்கும் நடுவில் குமுதா, ஆம்பூர்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பொறுமையாக விளக்கினார். எழுதப்பட்டது வெறும் பிரதி. நாடகம் மேடையில்தான் எழுதப்படுகிறது. ஒத்திகையில் நிறைய மாறிவிட்டது. உங்கள் குரல்தான் இதன் உயிர். ஒரு தனிப் பெயர் போட்டால் எல்லாப் பெண்களின் குரலும் சுருங்கிவிடும்.

“அப்ப உங்க பேரு போட்டா சுருங்காதா சார்?” என்றேன்.

அக்கா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க என்றார்.

வாய்மொழியாம். ஏன், எனக்குக் கை இல்லையா? நாற்பத்தாறு பக்கம். மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதியது. கஜபதி பேசுகிற பேச்சு எந்தத் தொழிலாளியின் வாய்மொழியும் இல்லை. நான் உட்கார்ந்து யோசித்து வைத்தது. படித்தவன் எழுதினால் எழுத்து. நான் எழுதினால் வாய்மொழி. கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல எனக்குத் தானாக வந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள்போல. வந்து மொண்டுகொண்டு போகலாம்.

சென்னைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். துணி துவைத்தேன். போவது என்று முடிவு செய்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

ஜெயசீலி வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்துக்குப் பிறகு. என் லைனில் இருந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், என் நாலு நாடகத்தில் நடித்தவள். ஃபேக்டரியை விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

தண்ணீர் கொடுத்தாள். அளவு எடுத்தாள். நாடகம் சென்னைக்குப் போகிறதாமே என்று அவளே கேட்டாள். பஸ் பெண்கள் சொல்லியிருப்பார்கள். கதையை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

“அதுல சூப்பர்வைசர் யாரு?”

“ஒரு ஆம்பள. கஜபதின்னு.”

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “ஓ. ஆம்பளயா” என்றாள்.

மழை வருகிற மாதிரி இருந்தது. வந்துவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

நேற்று நாடகம். கோபம் ஆறுவதற்குள் எழுத வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. கதர், கைத்தறி, காதில் பெரிய பெரிய மரத் தோடு. மேடையில் கதவு உயரத்துக்குச் சிவப்பாக ஒரு டோக்கன் தொங்கியது. உள்ளங்கையில் மறைகிற அளவு சின்னதாக இருப்பதில்தான் அதன் கொடுமையே இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொல்வது? கஜபதிக்கு முறுக்கு மீசை, கையில் தடி. எங்கள் ஃபேக்டரியில் யாரும் தடி வைத்திருப்பதில்லை. தேவைப்பட்டதில்லை.

அந்தப் பெண் ‘இன்னாமே’ சொன்ன ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் சிரித்தார்கள். என் நாடகத்தில் அது சிரிப்பு வருகிற இடமே இல்லை. நான் சிரிப்பதற்கென்று வைத்த இரண்டு இடத்தில் மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது.

கடைசியில் அறுபது பேரும் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. செல்வி அந்தப் பெரிய டோக்கன் கயிற்றிலேயே தூக்குப் போட்டுக்கொண்டாள். நீல விளக்கு. ஒரு அம்மா ஆலாபனை. பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் எழுதிய செல்வி சாக மாட்டாள். அவள் உயிரோடு வெளியே நடந்து போகிறாள். எங்களில் ஒருத்தி உயிரோடு நடந்துபோவதைப் பார்க்க இவர்களுக்கு என்ன கஷ்டம்? செத்தால்தான் அழ வருமா? என் நாடகத்தின் முதுகெலும்பை உருவிவிட்டு ஆலாபனை வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

முடிந்ததும் சார் மைக்கில் பேசினார். என்னை மேடைக்குக் கூப்பிட்டார். போனேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ரயிலில் தேவராஜ் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். அரக்கோணத்தில் டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

நேற்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் போனிலும் அந்த வீடியோ. அன்றைக்கு மண்டபத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள். இளம்பரிதி மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: “எந்தப் பெண்ணின் கதையை இப்போது பார்த்தீர்களோ, அந்தப் பெண் இங்கே நம்மோடு இருக்கிறார். தன் குழந்தையை அந்த மிஷினுக்குப் பறிகொடுத்தவர்.” நான் மேடை ஏறுகிறேன். தலை குனிந்து கும்பிடுகிறேன். ஒரு அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறது. நான் அதன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன்.

வீடியோவுக்கு அடியில் என் பேர். அழைப்பிதழில் எறும்பு சைஸில் இருந்தது, இங்கே கொட்டை எழுத்தில்.

அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மேடையில் நிற்கும்போது அவ்வளவு வெளிச்சத்தில் எப்படி மறுத்துப் பேசுவது? மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்தான். நன்றி என்று சொன்னேன்.

பக்கத்து மிஷின் தனபாக்கியம் எட்டு வருடமாக என்னோடு ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிடுகிறவள். வீடியோவை முழுதாகப் பார்த்தாள். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள்.

இன்றைக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஏசி அறை. உட்காரச் சொன்னார், அதுவே முதல் தடவை. மேஜையில் 2014 பதிவேடு.

“இன்னாம்மா குமுதா, உனக்கு எப்ப அபார்ஷன் ஆச்சு? நம்ம ரெக்கார்டுல இல்லையே” என்றார். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மார்ச் பதினொன்று. ஜெயசீலி, அனுமதியின்றி வெளியேறினார். அதற்கு எதிரே லைன் சூப்பர்வைசர் கையெழுத்து. என் கையெழுத்து அப்போதெல்லாம் நன்றாக இருந்திருக்கிறது.

இந்த நாடகம் முழுக்கக் கற்பனை, எங்கள் நிறுவனத்தில் இப்படி எதுவும் நடந்ததில்லை என்று எழுதிக் கொடுத்தால் திரும்பவும் சூப்பர்வைசர் ஆக்குவாராம். கொடுக்காவிட்டால் இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சென்னைக்காரர்களுக்கு அனுப்புவாராம். யோசித்து இரண்டு வாரத்தில் சொல்லு என்றார்.

யார் யாரை மிரட்டுவது? லைனுக்கு மூன்று டோக்கன் இருந்ததை ஒன்றாக்கியவர் இவர். டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசியவர் இவர். அந்த அறையில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு என் கையெழுத்தை எனக்கே காட்டுகிறார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

2014 மார்ச் 11. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஹாலைப் பார்க்க வருகிற நாள். காலையிலேயே மேனேஜர் சொல்லிவிட்டார், அவர்கள் போகும்வரை ஒரு மிஷினும் காலியாக இருக்கக் கூடாது. டோக்கனை எடுத்து டிராயரில் வைத்தேன்.

ஜெயசீலிக்கு ஐந்து மாதம். பத்து மணி சுமாருக்கு வந்து கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். பதினோரு மணிக்குக் கேட்டாள், வயிறு இழுக்கிறது அக்கா என்றாள். இந்த பேட்ச் முடியட்டும் என்றேன். மூன்றாவது தடவை எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினாள். பையர்கள் அப்போது கதவருகே வந்துவிட்டார்கள். எனக்குப் பதற்றம். சத்தம் போட்டேன். உட்காரு என்று கத்தினேன்.

உட்கார்ந்திருந்தாள். பையர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தர் அவள் தைத்த அப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அவர்கள் போனபிறகு அவள் எழுந்தாள். ஸ்டூலில் ரத்தம். ஹாலின் நீளத்துக்கும் தனியாக நடந்து, கேட்டைத் தாண்டி, ஆட்டோ பிடித்துப் போனாள்.

ஒரு மிஷினும் நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்டூலைத் துடைக்க ஆள் அனுப்பினேன். சாயங்காலம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, எனக்குச் சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து ‘டோக்கன்’ எழுத உட்கார்ந்தேன். கஜபதி என்ற பேர் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஜெயசீலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்னை மேடை, கைதட்டல், மேனேஜர், பதிவேடு. வீடியோவை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தைப்பதை நிறுத்தவில்லை. பிறகு நூலைக் கடித்துத் துப்பினாள்.

“அவன் என்னைத் தூக்குல தொங்கவுட்டான்னு உனக்குக் கோவம். நீ இன்னா பண்ண?”

நான் சூப்பர்வைசரை ஆம்பளையாக மாற்றியதைச் சொல்கிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

“அது கெடக்குது. அறுபது பேரும் எந்திரிச்சாங்கன்னு எழுதிக்கீறியே, அதுதான் எனக்கு வயிறு எரியுது. யாரும் எந்திரிக்கல. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனேன். கேட்டு வரைக்கும் பாத்தேன். ஒரு மிஷின் சத்தம்கூடக் கொறையல. நீ அதைப் போயி எல்லாரும் விசிலடிக்கிற மாதிரி எழுதி வெச்சிக்கீற.”

அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் எழுதினேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

“யாருக்கு நல்லா இருக்கும்னு?” என்றாள்.

முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பாள். இன்றைக்கு ஒரு தடவைகூட அந்தச் சொல் வரவில்லை. திருத்தி எழுதப் போகிறேன், எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றாள். “சூப்பர்வைசருக்கு உன் பேரை வை. எனக்கு என் பேரு வேணாம், அந்த செல்வியே இருக்கட்டும். என்னை நடிக்கக் கூப்புடாத.”

ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். கை கொஞ்சம் இறுக்கம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. காலையிலிருந்து எழுதினேன். தேவராஜ் சமைத்தார், சாம்பாரில் உப்பு மறந்துவிட்டார், அதைக்கூட மூன்றாவது கவளத்தில்தான் கவனித்தேன். கஜபதி என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துக் குமுதா என்று போட்டேன். முதல் பத்து இடத்தில் கஜபதி என்றே எழுதி மறுபடி அடித்தேன். பிறகு பழகிவிட்டது. கஜபதிக்கு நான் எழுதிவைத்த வில்லன் பேச்சு எதுவும் குமுதாவின் வாயில் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இளம்பரிதிக்குச் செய்தி அனுப்பினேன். ‘நான் செல்வி இல்லை. நான் அந்த சூப்பர்வைசர். நாடகத்தை எழுதியதும் நான். இரண்டையும் எல்லோருக்கும் சொல்லுங்கள். இனி அந்த நாடகத்தைப் போடக் கூடாது.’

அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தார். இது இன்னும் பிரமாதம் அக்கா, குற்றவாளியே வந்து நிற்கிறார் என்று கடைசிக் காட்சியில் உங்களை மேடை ஏற்றுவோம், நான் புதிதாக எழுதுகிறேன் என்றார்.

நான் எழுதுகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டேன். நம்பரையும் தடுத்து வைத்தேன். ஒரு மனுஷி தன் பாவத்தைச் சொல்ல வந்தாலும் அதற்கும் எழுத்தும் இயக்கமும் என்று தன் பேரைப் போட்டுக்கொள்ள ஒருத்தர் தயாராக இருக்கிறார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் கடிதம் கொடுத்தேன். நான்கே வரி. ‘மார்ச் 11 அன்று டோக்கனைக் கொடுக்க மறுத்தது நான். கொடுக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள். நாடகத்தில் வருவது நடந்ததுதான். இந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது.’ அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று காலை கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. வாட்ச்மேன் லிஸ்டைப் பார்த்து, உங்க பேரு இல்லம்மா என்றார். பதினேழு வருடம். என்னை இறக்கிவிட்டு பஸ் உள்ளே போய்விட்டது. ஜன்னலில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனாலும் எரிந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

தேவராஜ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “சரி, நாடகம் எப்ப?” என்றார்.

செப்டம்பர் 2, சனி

ஆட்கள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. ஃபேக்டரியில் இருப்பவர்களுக்குப் பயம். பீடி சுற்றுகிற இரண்டு பேர், வேலையிலிருந்து நின்றுவிட்ட மூன்று பேர். செல்வியாக நடிக்க ஒரு கல்லூரிப் பெண் வந்திருக்கிறாள், நன்றாகச் செய்கிறாள். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் ஒட்டினோம். ‘டோக்கன். எழுதியவர்: குமுதா.’ தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டியபோது சிறிது நேரம் தள்ளி நின்று பார்த்தேன். முன்னே எப்போதோ இதைப் பார்க்க ஆசைப்பட்டதுபோல் இப்போது இல்லை.

செப்டம்பர் 11, திங்கள்

நேற்று நான்கு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் போட்டோம். நூற்றைம்பது பேர் இருக்கும். ஃபேக்டரிப் பெண்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒருவர் இருவராக வந்து பின்னால் நின்றார்கள். தனபாக்கியம் வந்திருந்தாள்.

நான் குமுதாவாக நடித்தேன். என் பேர் குமுதா, இந்த லைனுக்கு நான்தான் சூப்பர்வைசர் என்று முதல் வசனம் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. செல்வி மூன்றாவது தடவை கை தூக்கினாள். உட்காரு என்று கத்தினேன். தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன். முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை. செல்வி எழுந்து, ஜனங்களுக்கு நடுவே தனியாக நடந்து, தெருமுனை வரை போய்விட்டாள். நடிக்கிறவர்கள் தைத்துக்கொண்டே இருந்தார்கள். நாடகம் அவ்வளவுதான் என்று தெரியாமல் ஜனங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டல் இல்லை. விசில் இல்லை.

அப்போது பின்னாலிருந்து தனபாக்கியம் பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

“நான் அவ பக்கத்து மிஷின். அன்னிக்கு என் கால்ல வந்து பட்டுது ரத்தம். நான் காலை இழுத்துக்கினேன்.”

இன்னொருத்தி, நான் மூன்றாவது மிஷின் என்றாள். அன்றைக்கு ஹால் கதவருகே மிஷினில் இருந்த ஒருத்தி, அவள் என்னைத் தாண்டித்தான் போனாள், நான் நிமிரவில்லை என்றாள். நாலைந்து பேர் சொன்னார்கள். சொல்லாதவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஜெயசீலியைப் பார்த்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று முழுதும் கேட்டிருக்கிறாள். கையில் யூனிபார்ம் பை. கிட்டே வந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நிறுத்து என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“தப்பா நடிக்கிற” என்றாள். “அன்னிக்கு நீ கத்தல. கத்திருந்தா நானும் கத்திருப்பேன். நீ சிரிச்ச மூஞ்சியாத்தான் சொன்ன. ‘ஒக்காரு கண்ணு, தோ போயிடுவாங்க’ன்னு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 13, புதன்

வருகிற ஞாயிறு பேரணாம்பட்டில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நோட்டில் அந்த இடத்தைத் திருத்தினேன். கத்துகிறாள் என்பதை அடித்துவிட்டு, சிரித்த முகமாகச் சொல்கிறாள் என்று எழுதினேன். காலையில் சமையற்கட்டில் நின்று ஒத்திகை பார்த்தேன். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, மெதுவாக, ஒக்காரு கண்ணு என்றேன். தேவராஜ் தோசையைத் திருப்பாமல் கரண்டியோடு அப்படியே நின்றார்.

ஒரே தடவையில் வந்துவிட்டது. பழகவே வேண்டியிருக்கவில்லை.